உருளைக்கிழங்கு விதையைக் கோடை தாண்ட வைப்பது

"ஏனுங்க, நம்மூர் வெயிலுக்கு உருளைக்கெழங்கெல்லாம் வருங்களா?" வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது இதைத்தான். வருமுங்க. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் எங்கே இருந்தாலும் கார்த்திகையில் ஊன்றினால் மாசியில் கிழங்கு எடுக்கலாம். பாடு அதற்குப் பிறகுதான். மாசியில் எடுத்ததில் ஒரு பங்கை அடுத்த கார்த்திகை வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இடையில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அனல். சின்ன வெங்காயத்துக்குப் போடும் பட்டறையோ, விதை மஞ்சளை மர நிழலில் குவித்து மூடும் முறையோ உருளைக்குச் சரிப்படாது. இரண்டையும் பழக்கத்தில் செய்து பார்த்தவர்கள் ஆடிக்கு முன்பே குவியலைக் குப்பைக் குழியில் கொட்டியிருக்கிறார்கள்.

அதனால் அறுவடை என்று வரும்போது சாப்பிடுவதற்கான கிழங்கு வேறு, விதைக்கான கிழங்கு வேறு என்று செடி நிற்கும்போதே பிரித்துவிட வேண்டும். இரண்டுக்கும் தழை அறுக்கும் நாள் வேறு, வைக்கும் இடம் வேறு, வெளிச்சம்கூட வேறு.

முதலில் பட்டம். இரவு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் உருளைச் செடி கிழங்கு கட்டும். அதற்கு மேல் சூடு இருந்தால் தழையாகவே வளர்ந்து கொண்டிருக்கும், அடியில் நூல் நூலாகக் கொடி ஓடுமே தவிர நுனி திரளாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் கோவைப் பக்கம் மார்கழி, தை இரவுகள் 18, 19 டிகிரிக்கு இறங்கும். ஈரோடு, நாமக்கல் பக்கம் அந்தக் குளிர் இன்னும் கொஞ்சம் குறைவு, நாளும் குறைவு. ஆகவே மார்கழி பிறக்கும்போது செடிக்கு இருபது நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஐப்பசிக் கடைசி முதல் கார்த்திகை 10 வரை ஊன்றுவது சரியான கணக்கு. ஐப்பசி முதல் வாரத்திலேயே ஊன்றினால் வடகிழக்குப் பருவமழையில் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். மார்கழியில் ஊன்றினால் கிழங்கு பருக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்து கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும்.

ரகத்தில், சூட்டைத் தாங்குவதற்கென்றே வந்தது குஃப்ரி சூர்யா. 2006ல் வெளியானது. சமவெளிக்கு அது கிடைத்தால் வேறு தேட வேண்டாம். பழைய குஃப்ரி லவ்கர் சீக்கிரம் முற்றும். 1968ல் வந்த குஃப்ரி ஜோதி மலைக்கு உகந்தது, கோவைப் பக்கமும் வரும், ஆனால் ஒரு வாரம் சூடேறினாலும் விளைச்சலில் காட்டிவிடும்.

விதைச் செடியைக் குறிப்பது

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கிழங்கெல்லாம் பறித்துக் கொட்டியபின் பெரியதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மீந்த பொடியை விதைக்கு ஒதுக்குவார்கள். பொடிக் கிழங்கு ஏன் பொடியானது என்று யோசிப்பதில்லை. பல, நச்சுயிரி (வைரஸ்) பிடித்த செடியிலிருந்து வந்ததாக இருக்கும். அதையே விதையாக்கினால் நோயைத் தேர்ந்தெடுத்து ஊன்றுகிறோம் என்று அர்த்தம். இரண்டு வருஷம் அப்படிச் செய்தால் மூன்றாம் வருஷம் செடிக்கு நாலு கிழங்குகூடத் தேறாது. பிறகு "நம்ம மண்ணுக்கு ஒத்துக்கல" என்று மண்ணின் மேல் பழி.

செடிக்கு 45 முதல் 55 நாள் ஆகும்போது, பூ வரும் நேரத்தில், பாத்தியைச் சுற்றி வாருங்கள். காலை வெயில் ஏறுமுன் பார்த்தால் இலையின் நிறம் நன்றாகத் தெரியும். அடி இலைகள் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் காகிதம் போல மொடமொடவென்று இருந்தால் அது இலைச்சுருள் நச்சுயிரி. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, மேற்பரப்பு சுருக்கம் விழுந்திருந்தால் தேமல். இந்த இரண்டையும் இலைச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி பரப்பும். இப்படி உள்ள செடியை அப்போதே கிழங்கோடு பிடுங்கிவிட வேண்டும். கிழங்கைச் சமைத்துச் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. செடியைப் பாத்தியில் விட்டு வைப்பதுதான் ஆபத்து.

பகலில் வாடி மாலையில் நிமிர்ந்து, இரண்டு மூன்று நாளில் பச்சையாகவே தலை சாயும் செடி இருந்தால் பாக்டீரியா வாடல். தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடித்தால் சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கும். அப்படி இறங்கினால் அந்தப் பாத்தியில் ஒரு கிழங்கையும் விதைக்கு எடுக்கக் கூடாது. நல்லதாகத் தெரியும் பக்கத்துச் செடியின் கிழங்கிலும் அது ஒளிந்திருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கும் இதே நோய்தான் வரும் என்பதால் அடுத்த இரண்டு மூன்று வருஷம் அந்த இடத்தில் மக்காச்சோளம், சோளம், ராகி மாதிரி ஏதாவது போடுவது நல்லது.

இவற்றையெல்லாம் கழித்தபின் நன்றாகக் கிளைத்து, உயரத்தில் சமமாக, தெளிந்த இலையோடு நிற்கும் செடிகளுக்கு ஒரு குச்சி ஊன்றித் துணி கட்டிவிடுங்கள். 100 சதுர அடிப் பாத்தியில், வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளியில், ஏறக்குறைய 75 செடி நிற்கும். அடுத்த வருஷமும் அதே அளவு ஊன்ற 75 விதை வேண்டும். கெட்டுப்போவதற்கும் சேர்த்து 110 கிழங்கு எடுத்து வைப்பது பாதுகாப்பு. செடிக்கு விதையளவுக் கிழங்கு நாலைந்து கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 25 செடியைக் குறித்தால் போதும்.

தழை அறுப்பு

சாப்பாட்டுக்கு விட்ட செடி தானாக மஞ்சளாகிச் சாயட்டும், 90 நாள் வரை போகட்டும். துணி கட்டிய விதைச் செடியை அவ்வளவு நாள் விடக் கூடாது. தை பிற்பாதியில் குளிர் விலகத் தொடங்கியதும் அசுவினி மளமளவென்று ஏறும். 100 கூட்டிலைகளை (ஒரே காம்பில் பல சிற்றிலை சேர்ந்தது ஒரு கூட்டிலை) புரட்டிப் பார்த்து 20 அசுவினிக்கு மேல் இருந்தால் விதைப் பயிரின் தழையை அறுத்துவிட வேண்டும் என்பது மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வட இந்தியச் சமவெளிக்கு வகுத்த விதி. அதை இங்கேயும் அப்படியே பின்பற்றலாம். நம் பட்டத்துக்கு அது பெரும்பாலும் 75, 80ஆம் நாளில் வரும். அசுவினி வாய்வைத்த பிறகு நச்சுயிரி இலையிலிருந்து இறங்கிக் கிழங்குக்குப் போய்ச் சேர சில நாள் பிடிக்கும். அதற்குள் தழையை எடுத்துவிட்டால் கிழங்கு தப்பிக்கும். எடை கொஞ்சம் குறையும். விதைக்குப் பெரிய கிழங்கு தேவையில்லை என்பதால் அதில் நட்டமில்லை.

அரிவாளால் தரையோடு தரையாக அறுக்கவும். பிடுங்கக் கூடாது, கிழங்கு ஆடி வெளியே தெரியும். அறுத்த அடியில் மறுபடி துளிர் வந்தால் அதையும் கிள்ளிவிட வேண்டும். அசுவினிக்கு அந்த இளந்துளிர் மேல்தான் ஆசை அதிகம். தழை அறுத்த அன்றோடு தண்ணீரும் நிறுத்தம்.

இனி 10 முதல் 15 நாள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும். தோல் இறுகுவது இந்த நாட்களில்தான். இதை விட்டுவிட்டு எடுத்தால் கையில் பட்டதும் தோல் உரியும். உரிந்த இடம் வழியாக ஈரமும் போகும், பூஞ்சையும் நுழையும். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் பூமியில் தண்ணீர் நின்றதும் நிலம் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கிழங்கு அந்துப்பூச்சி இறங்கி முட்டை வைக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வெடிப்பைக் காலால் தள்ளி மூடிவிட்டால் போதும். செம்மண் வேறு மாதிரி. காய்ந்தால் கல்லாக இறுகிவிடும், கொத்தும்போது கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிழங்கைக் காயப்படுத்தும். அப்படி இறுகினால் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பு பூவாளியால் ஒரு தெளிப்பு.

பார்க்க ஒரே வழி: ஒரு செடியைத் தோண்டி, கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். நழுவினால் இன்னும் நாலு நாள் பொறுக்க வேண்டும்.

தோண்டுவது

மண்வெட்டியைச் செடியின் தூரில் போடாதீர்கள். பாரின், அதாவது மண் அணைத்த மேட்டின், பக்கவாட்டில், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, பாரையே புரட்டி மண்ணைக் கையால் உதிர்க்க வேண்டும். 75 செடிதானே, கை போதும். பையில் வளர்த்திருந்தால் தார்ப்பாயில் கவிழ்த்துவிடலாம். காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மாசி வெயில் நேராகப் பட்டால் அரை மணி நேரத்தில் கிழங்கு வெந்த மாதிரி ஆகி, நாலு நாள் கழித்து உள்ளே கறுத்து நீர் விடும்.

துணி கட்டிய செடிகளை முதலில் தோண்டி, ஒவ்வொரு செடியின் கிழங்கையும் அந்தந்தக் குழிக்கு மேலேயே சிறு குவியலாக வையுங்கள். எல்லாக் கிழங்கையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் எது எந்தச் செடி என்பது போய்விடும். நல்ல செடி என்று குறித்ததிலும் சில, தோண்டினால் ஒன்றிரண்டு கிழங்கோடு நிற்கும். அதைச் சமையலுக்குத் தள்ளிவிடலாம். அதிகம் கட்டிய குவியல்களிலிருந்து நாட்டுக்கோழி முட்டை அளவுள்ளதை, அதாவது 30 முதல் 50 கிராம் எடையுள்ளதை, விதைக்குப் பொறுக்குங்கள். வெட்டு, கீறல், சொறி, துளை, பக்கவாட்டில் முடிச்சு விழுந்தது எதுவும் வேண்டாம்.

சொறியைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்கில் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்புச் சுக்காங்கல் உண்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. கார நிலத்தில் சொறி நோய் தானாகவே வரும். அதன் மேல் அடுப்புச் சாம்பலும் போட்டால் கேட்கவே வேண்டாம். மற்ற காய்களுக்குப் பழகிய கை உருளைக்கும் சாம்பலை அள்ளி வீசும், அதைத்தான் நிறுத்த வேண்டும். சரியாக மக்காத எருவும் சொறியைக் கூட்டும். கிழங்கு பிடிக்கும் முதல் மாதத்தில் மண் காயாமல் பார்த்துக்கொண்டாலே பாதி சொறி குறைந்துவிடும். சொறிக் கிழங்கைத் தோல் சீவிச் சாப்பிடலாம்.

தோண்டியதைத் தண்ணீரில் கழுவுவது கூடவே கூடாது. மண் தானாக உதிரும் அளவு உதிர்ந்தால் சரி. இருட்டும் முன் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். ராத்திரி வயலில் கிடந்தால் அந்துப்பூச்சிக்கு அதுவே போதும். வெயில் படாமலிருக்க உருளைத் தழையை மேலே போட்டு மூடுவார்கள் சிலர், அந்தத் தழையில் இருக்கும் புழு அப்படியே கிழங்குக்கு மாறும்.

ஈரம் உலர்ந்ததும் சாப்பாட்டுக் கிழங்கு இருட்டறைக்கு. விதைக் கிழங்கு காற்றோட்டமான நிழலில், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக, சாக்கின் மேல் 10 முதல் 14 நாள். சிறு காயங்கள் ஆறித் தோல் தடிப்பது இந்த நாட்களில்தான். காயம் ஆறக் காற்றில் கொஞ்சம் ஈரமும் வேண்டும், ஆகவே மின்விசிறி வைத்து உலர்த்த வேண்டாம். விதைக் கிழங்கு இங்கே லேசாகப் பச்சை ஏறட்டும், அது நல்லது. பச்சை ஏறிய தோலில் சோலனின் என்ற நச்சு சேரும், அது அழுகலுக்கும் பூச்சிக்கும் அவ்வளவாக இடம் கொடுக்காது. அதே காரணத்தால் அந்தக் கிழங்கு இனி சமையலுக்கு ஆகாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூடப் பச்சைக் கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் போடாதீர்கள். கூடை மேல் "விதை" என்று எழுதி ஒட்டுவது விளையாட்டில்லை. ஒரு நாள் அவசரத்துக்குக் குருமாவில் போய்விழும்.

கோடையைத் தாண்டுவது

கிழங்குக்கு எடுத்ததும் ஒரு உறக்கம் உண்டு. எட்டுப் பத்து வாரம் முளைக்காது. சூடு கூடினால் அந்த உறக்கம் சுருங்கும். மாசிக் கடைசியில் எடுத்தது நம் வீட்டு அறையில் சித்திரைக் கடைசிக்குள் கண் விழித்துவிடும். முதலில் நுனிக் கண் மட்டும் முளை விடும், அது இளமை. பிறகு பல கண்ணும் முளைக்கும், ஊன்றச் சரியான வயது அதுதான். அதையும் தாண்டினால் முளை கிளை பிரிந்து மயிர் மாதிரி மெலியும். முளையிலேயே மண்ணில்லாமல் குட்டிக் கிழங்கு திரளும். அது கிழடு தட்டிய விதை. ஊன்றினால் நோஞ்சான் செடி வரும், இல்லை வராமலே போகும். வெளியே வைத்த விதை ஆடியிலேயே இந்த நிலைக்கு வந்துவிடும். கார்த்திகைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்.

ஆகவே சமவெளிக்காரருக்கு வழி இரண்டுதான். ஒன்று குளிர். மற்றது மலை.

வடநாட்டில் தை மாசியில் எடுத்த விதையைக் கோடை முழுக்க 2 முதல் 4 டிகிரிக் குளிர்கிடங்கில் வைத்து ஐப்பசியில் ஊன்றுகிறார்கள். நம் கணக்கும் அதேதான், அளவுதான் சிறியது. நாலு, நாலரைக் கிலோ விதை வீட்டு ஃபிரிட்ஜின் காய்த்தட்டில் அடங்கும். அறையில் உலர்த்தி முடித்த கிழங்கைப் பருத்தித் துணிப்பையிலோ, இரண்டு சுற்றுச் செய்தித்தாளிலோ கட்டி வைக்கவும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். எதிலும் கட்டாமல் அப்படியே திறந்து வைத்தாலோ ஈரம் போய்ச் சுருங்கும். உறைபெட்டிச் சுவரையோ பின்பக்கத் தகட்டையோ தொடாமல் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி உறைந்தால் போதும், உருகியதும் கறுத்துக் கூழாகிவிடும். ஆப்பிள், வாழைப்பழத்தோடு ஒரே தட்டில் வேண்டாம், அவை விடும் வாயு முளையைக் கெடுக்கும். சிறு வெப்பமானி ஒன்றைத் தட்டில் போட்டுப் பார்த்தால் 4, 5 டிகிரி இருக்கும்படி குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். 7, 8 இருந்தால் ஆவணிக்குள் வெளுத்த முளை எட்டிப்பார்க்கும். ஒருமுறை அதைத் தேய்த்து உதிர்த்துவிடலாம். உதிர்த்தபின் பல கண்ணும் முளைக்கும், கெடுதல் இல்லை. இரண்டாம் தடவையும் உதிர்த்தால் கிழங்கின் சத்து தீர்ந்துவிடும்.

எட்டு மாதம் காய்த்தட்டில் பாதியைக் கொடுப்பதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவது இந்த முறையில் கஷ்டமான பகுதி. அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

மாதம் ஒருமுறை பையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கவும். மெத்தென்று நாறினால் பாக்டீரியா அழுகல், அதைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கிழங்குகளையும் சேர்த்துத் தள்ள வேண்டும், தாளையும் மாற்ற வேண்டும். குழிந்து வட்ட வட்டமாகச் சுருக்கம் விழுந்து வெள்ளையோ இளஞ்சிவப்போ பூஞ்சை இருந்தால் உலர் அழுகல், காயம் வழியாக வந்தது. அது அந்த ஒன்றோடு நிற்கும். அறுத்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் நடுவில் மட்டும் கறுத்திருந்தால் காற்று இல்லாமல் மூச்சுத் திணறியது. மூடிய டப்பாவில் வைத்தாலும், வெளியே சூட்டில் குவித்து வைத்தாலும் இது வரும். மண்பானைக்குள் மணல் போட்டுப் புதைத்து வைக்கும் யோசனையும் இப்படித்தான் முடிகிறது.

இரண்டாவது வழி மலை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் தாளவாடிப் பக்கம். அங்கே பக்கத்துக் கர்நாடகத்துச் சாமராஜநகர் சீமை போலவே கோடைமழையைப் பிடித்து வைகாசி, ஆனியில் உருளை ஊன்றி ஆவணி, புரட்டாசியில் எடுக்கிறார்கள். இது நமக்கு ஊசிக்கு நூல் கோத்த மாதிரி பொருந்துகிறது. நாம் மாசியில் எடுத்த விதை வைகாசியில் மூன்று மாத வயது, பல கண் விழித்த சரியான பருவம். அதை மலையில் ஊன்றி ஆவணிக் கடைசியில் எடுத்தால் கார்த்திகை வரும்போது அதற்கு ஒன்பது, பத்து வார உறக்கம் முடிந்திருக்கும். குளிர்பெட்டியே வேண்டாம். மலையில் உறவோ பழக்கமோ இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இருபது, முப்பது செடி அவர்கள் வரப்போரம் ஊன்றிக் கொடுத்தால் நம் 100 சதுர அடிக்குப் போதும். மழைக்காலப் பயிர் என்பதால் இலை கருகும் பின்கருகல் நோயும் பாக்டீரியா வாடலும் அங்கே கூடுதல். எடுக்கும் முன் ஒரு நடை போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கிழங்கு வந்ததும் ஒன்றிரண்டைக் குறுக்கே அறுத்து அழுத்துங்கள், தோலுக்கு உள்ளே வளையமாகப் பால் கசிந்தால் மொத்தத்தையும் சமையலுக்கு அனுப்பிவிடலாம்.

மாசியிலிருந்து வைகாசி வரையோ, புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரையோ வெளியே வைக்க வேண்டிய மூன்று மாதத்துக்குப் பரவொளி முறை போதும். நேர் வெயில் விழாத, ஆனால் புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சமுள்ள வடக்குத் திண்ணை. மூங்கில் தட்டு அல்லது பழப்பெட்டி. ஒன்று அல்லது இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது. இருட்டில் முளை ஒரு முழம் நீண்டு வெளுத்து ஒடியும். வெளிச்சத்தில் அரை அங்குலத்தில் பச்சையாகக் கட்டையாக நிற்கும், கை பட்டாலும் ஒடியாது.

இந்த மூன்று மாதத்தில்தான் அந்துப்பூச்சி வரும். கண் இருக்கும் பள்ளத்தில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்து, துளை வாயில் கருப்பாகப் பொடி தள்ளியிருக்கும். தட்டுக்கு அடியிலும் மேலும் உண்ணிச்செடி இலையோ தைலமர இலையோ நன்றாக நிழலில் உலர்த்தி 2, 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் பூச்சி அண்டாது. உண்ணிச்செடிக்குச் சத்தியமங்கலம் காட்டோரம் பஞ்சமே இல்லை. நொச்சி, வேம்பும் போடலாம், எங்கள் பார்வையில் முதல் இரண்டும் மேல். பச்சை இலை வேண்டாம், ஈரம் ஏறிக் கிழங்கு கெடும். மேலே இலை மூடினால் வெளிச்சம் குறையுமே என்றால், மேலே கொசுவலைத் துணி கட்டிவிட்டு இலையை அடியில் மட்டும் போடுங்கள். துளை விழுந்த கிழங்கை உடனே எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். தட்டிலேயே விட்டால் சூட்டில் மூன்று நாலு வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கும்.

எழுப்பி ஊன்றுவது

ஃபிரிட்ஜிலிருந்த விதையை ஊன்றுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஐப்பசி முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ வெளியே எடுக்கவும். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே அறையில் இருக்கட்டும். குளிர்ந்த கிழங்கின் மேல் மழைக்காலக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும், அந்த ஈரத்தில் அழுகல் தொடங்கிவிடும். மறுநாள் பிரித்து முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக, கண்கள் நெருக்கமாக உள்ள முனை மேலே இருக்கும்படி வைத்து, வடக்கு வெளிச்சத்தில் விடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஒன்றரை செ.மீ. கட்டை முளை வரும். அப்போதும் முளைக்காததும், நூல் முளை விட்டதும் கழிவு.

வெட்டி ஊன்றுவதை இந்தப் பட்டத்தில் தவிர்ப்பது நல்லது. மண்ணில் மழை ஈரம் இருக்கும், சூடும் இருக்கும், வெட்டுவாய் அழுகும். அதனால்தான் முட்டை அளவுக் கிழங்கையே பொறுக்கச் சொன்னோம். பெரியதாகத்தான் இருக்கிறது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் துண்டுக்கு இரண்டு கண், 40 கிராமுக்குக் குறையாமல் வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் வாய் காய்ந்து தோல் கட்டியபின் ஊன்றுங்கள். ஒவ்வொரு கிழங்கை வெட்டியதும் கத்தியைக் கொதிநீரில் முக்குவதை விடக் கூடாது. வாடல் நோய் ஒரு கிழங்கிலிருந்து மொத்தப் பாத்திக்கும் கத்தி வழியாகப் போய்விடும்.

ஊன்றும் ஆழம் நாலு விரற்கடை. முளை மேல் பார்த்து. 30ஆம் நாள் ஒரு மண் அணைப்பு, 45ஆம் நாள் இன்னொன்று. மண் அணைப்பைத் தட்டிக்கழித்தால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாகும், அந்துப்பூச்சிக்கும் வழி. சமவெளியில் செடிக்கு 200 முதல் 300 கிராம் வந்தாலே அது நல்ல விளைச்சல். நீலகிரிக் கணக்கோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் நச்சுயிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரத்தான் செய்யும். நம் பக்கம் மூன்றாம் வருஷத்துக்கு மேல் ஒரே விதையை இழுப்பது வீண். சுருண்ட இலையோடு நிற்கும் செடி பத்துக்கு இரண்டு என்று ஆகும்போது மாற்றிவிட வேண்டும். கடையில் வாங்கும் சமையல் கிழங்கை விதையாக்க முயன்றால் முளைக்காமலே கிடப்பது நடக்கும். வடநாட்டுக் குளிர்கிடங்கில் 10, 12 டிகிரியில் வைக்கும் கிழங்குக்கு முளைக்காமலிருக்க மருந்து அடிப்பதுண்டு. மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செம்மண்ணோடு வரும் நீலகிரிக் கிழங்கு முளைக்கும், ஆனால் அதில் வேறு வில்லங்கம். நீலகிரியில் 1961ல் கண்டறியப்பட்ட தங்க நிற முட்டைக்கூட்டு நூற்புழு அந்த ஒட்டிய மண்ணில் வரும். அதன் கூடு பல வருஷம் மண்ணில் காத்திருக்கும். குளிர்ந்த மண்ணில்தான் அது பெருகும் என்பதால் கோவைப் பாத்தியில் பெரிதாகத் தெரியாது. நாம் அதே விதையைத் தாளவாடிக்கு ஏற்றிவிட்டால் அங்கே ஒரு காட்டையே கெடுத்துவிடும். ஆகவே நீலகிரிக் கிழங்கை மலைச் சுற்றில் சேர்க்கவே வேண்டாம். சமவெளிப் பாத்திக்கு மட்டும் என்றாலும் ஊன்றும் முன் மண் போகத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் வேறு எங்காவது ஊற்றுங்கள்.